ராத்திரி முழிக்க வைக்கிறது சீனியா, டீத்தூளா?

கேள்வி: 2025 ஜனவரி 20, இரவு 9.15

ஸ்பின்னிங் மில்லுல வேலை, எப்பவுமே நைட் ஷிப்ட்தான். ரெண்டு மணிக்கு மேல கண்ணு சொருகும். அப்ப ரெண்டு ஸ்பூன் சீனி போட்டு ஸ்ட்ராங்கா ஒரு டீ, மறுபடி அஞ்சு மணிக்கு ஒண்ணு. இப்ப டெஸ்ட் எடுத்ததுல சுகர் பார்டர்ல இருக்குன்னு சீனிய நிறுத்தச் சொல்லிட்டாங்க. என் கணக்குல சீனிதான் தெம்பு குடுக்குது, டீத்தூள் நிறத்துக்கும் ருசிக்கும்தான். வித்தவுட் குடிச்சா முழிச்சிருக்க முடியுமா? மிஷின் பக்கத்துல நிக்கிற வேலை, அசந்தா கை போயிரும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2025 ஜனவரி 20, இரவு 11.50

முடியும். வித்தவுட் டீ உங்கள அதே அளவுக்கு முழிக்க வைக்கும், சொல்லப்போனா கொஞ்சம் நல்லாவே வைக்கும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ், பச்சக் குழந்தைங்க ஐசியூல வருஷக்கணக்கா நைட் டூட்டி பாக்கறவ, அதனால இந்த ரெண்டு மணி தூக்கம் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். நாம காலைல இருந்து முழிச்சிருந்து வேலை பாக்கப் பாக்க மூளைல அடினோசின்னு ஒரு பொருள் சேந்துக்கிட்டே வரும். அது போய் உக்கார்றதுக்குன்னு சீட்டு இருக்கு, உக்காந்துச்சுன்னா மூளை வேகம் கொறஞ்சு தூக்கம் வரும். டீத்தூள்ல இருக்கற காஃபின் பாக்க கிட்டத்தட்ட அதே மாதிரி உருவம், அதனால தீவாளி சமயத்துல பஸ் ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி அந்த இடத்தப் புடிச்சுக்குது. தானும் உக்காந்து வேலை செய்யாது, அடினோசினையும் உக்கார விடாது. ஆனா அடினோசின் எங்கயும் போகல, வழியில நின்னுக்கிட்டேதான் இருக்கு, இன்னும் ஏறிக்கிட்டும் இருக்கு. துண்ட எடுத்ததும் நின்ன கூட்டம் மொத்தமும் ஒண்ணா உக்காரும். டீ வேகம் எறங்குனதும் தூக்கம் முன்னவிட மோசமா அமுக்குறது இதனாலதான்.

சீனி இந்த சீட்டு பக்கமே வராது. அது சாப்பாடு, வயித்துக்குப் போகும், குடல்ல உடையும், ரத்தத்துல ஏறும், இன்சுலின் வந்து அத செல்லுக்குள்ள தள்ளும். நீங்க ஒம்பது மணிக்கு சோறு சாப்பிட்டு ஷிப்டுக்குப் போறவர்னா ரெண்டு மணிக்கு மூளைக்கு எரிபொருள் பஞ்சமே கிடையாது, ஈரல்ல மட்டும் சுமாரா 100 கிராம் குளுக்கோஸ் ஸ்டாக் இருக்கும். அப்ப வர்றது பசி மயக்கம் இல்ல, தூக்கம். தூக்கத்துக்கு சீனி போடறதுல பிரயோஜனம் இல்ல.

டூட்டி நேரம், மீதிய அப்புறம் எழுதறேன்.

2025 ஜனவரி 21, காலை 8.30

ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லிட்டுப் படுக்கறேன். நல்லா இருக்கற ஒரு ஆளோட உடம்புல ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். சாப்பிடாம பாக்கறப்ப சுகர் 90, 100ன்னு வருதுல்ல, அது 100 மில்லிக்கு இத்தன மில்லிகிராம்னு அர்த்தம். பெருக்கிப் பாருங்க, உடம்புல ஓடுற மொத்த ரத்தத்துலயும் இருக்கற குளுக்கோஸ் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். நீங்க ஒரு டீல ரெண்டு ஸ்பூன் போடறீங்க. பாதிதான் குளுக்கோஸ், மீதி பாதி ஃப்ரக்டோஸ்ன்னு ஈரலுக்குப் போயிரும், அது சரி. ஆனாலும் கணையத்துக்கு இது எவ்ளோ பெரிய வேலைன்னு புரியும்.

2025 ஜனவரி 22, இரவு 10.10

கீழ ஒருத்தர் கேட்டிருக்கார்: "அப்ப சீனி போட்ட டீ மொத வாய் உள்ள போனதுமே கண்ணு தெளியுதே, அது பொய்யா?" பொய் இல்லவே இல்ல. ஆனா அந்த தெளிவு காஃபினாலயும் இல்ல, ரத்தத்துல ஏறுன சீனியாலயும் இல்ல. காஃபின் ரத்தத்துல உச்சிக்குப் போக அர மணில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். சீனி குடல் தாண்டவே பல நிமிஷம் ஆகும். மொத வாய்ல வர்றது நாக்கோட வேலை: சூடு, இனிப்பு, வாசனை, எழுந்து நாலடி நடந்து போனது, பக்கத்துல ஆளோட பேசுனது, எல்லாம் சேந்தது.

நாக்கு சாதாரண ஆள் இல்ல. சைக்கிள் வீரர்கள வச்சு 2004ல இங்கிலாந்துல ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு மணி நேர ஓட்டம், நடுநடுவுல மாவுச்சத்து கரைசல வாய்ல கொப்புளிச்சுத் துப்பணும், முழுங்கக் கூடாது. துப்பியும் கிட்டத்தட்ட 3 சதவீதம் வேகமா முடிச்சாங்க. உள்ள ஒரு சொட்டு போகல, வாய்லயே மூளைக்கு சேதி போயிருச்சு.

இதையே நான் தினமும் பாக்கறேன். பொறந்த குழந்தைக்கு குதிகால்ல குத்தி ரத்தம் எடுக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நாக்குல சில சொட்டு சுக்ரோஸ் கரைசல் விடுவோம், அழுக கொறையும், நெஞ்சுத்துடிப்பு பெருசா எகிறாது. அதே சீனிக் கரைசல ட்யூப் வழியா நேரா வயித்துல விட்டா அந்தப் பலன் இல்ல. நாக்குல படணும். ஆக மில் அண்ணனுக்கு நான் சொல்றது, அந்த மொத வாய் சொகத்துக்கு ரெண்டு ஸ்பூன் தேவையே இல்ல. இஞ்சி தட்டிப் போடுங்க, ஏலக்கா போடுங்க, சூடா குடிங்க.

2025 ஜனவரி 22, இரவு 10.40

இன்னொருத்தர் சிக்கரி சேத்தா காஃபின் ஜாஸ்தியாகும்னு எழுதிருக்கார். ஆகாது. சிக்கரி ஒரு செடியோட வேர், வறுத்து அரைச்சது, அதுல காஃபின் கிடையாது. டிகாஷன் கருப்பா கெட்டியா கசப்பா வரும், அதப் பாத்து ஸ்ட்ராங்னு நெனச்சுக்கறோம். 60க்கு 40ன்னு சிக்கரி கலந்த பொடில காபி பங்கு 60 மட்டும்தான். கொட்டைலயும் வித்தியாசம் உண்டு, ரோபஸ்டாங்கற காபி வகைல இருக்கற காஃபின் அரபிகா வகையப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

2025 ஜனவரி 25, மாலை 4.00

நேத்து டூட்டில நின்னப்ப இந்தக் கேள்விதான் மனசுல ஓடிக்கிட்டிருந்துச்சு. சீனி வேற காஃபின் வேறன்னு எங்க ஐசியூ மாதிரி வேற எங்கயும் தெளிவா பாக்க முடியாது. எங்ககிட்ட ரெண்டுமே மருந்து.

குறை மாசத்துல பொறந்த குழந்தை, 34 வாரத்துக்கு முன்னாடி வந்ததுங்க, சில நேரம் மூச்சு விட மறந்துரும். ஆப்னியான்னு சொல்லுவோம். 20 செகண்டு மூச்சு நிக்கும், மானிட்டர் கத்தும், ஓடிப்போய் பாதத்த லேசா சுண்டி விட்டா திரும்ப மூச்சு எடுக்கும். நுரையீரல் மட்டும் பிரச்சினை இல்ல, மூச்சு விடச் சொல்ற மூளை மையம் இன்னும் முதிரல. அதுக்கு நாங்க குடுக்கறது காஃபின் சிட்ரேட். ஆமா, உங்க டீல இருக்கற அதே காஃபின்தான். மொத டோஸ் கிலோவுக்கு 20 மில்லிகிராம், மறுநாள்ல இருந்து 5ல இருந்து 10. அங்கயும் அது செய்யறது அதே வேலைதான், அடினோசின ஒதுக்கி வச்சு மூளைய உசுப்புறது. 2006ல வெளிவந்த ஒரு பெரிய சர்வதேச ஆய்வு, ரெண்டாயிரம் குழந்தைங்களுக்கு மேல, பாதிப்பேருக்கு காஃபின் பாதிப்பேருக்கு வெறும் திரவம். காஃபின் வாங்குன குழந்தைங்க சுமாரா ஒரு வாரம் முன்னாடியே மூச்சு உதவி மெஷின்ல இருந்து வெளிய வந்தாங்க. டோஸ் குடுக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுத்துடிப்பு எண்ணுவோம், 180 தாண்டியிருந்தா டாக்டர கூப்பிடுவோம்.

அதே குழந்தைக்கு சுகரும் கொறையும். எடை இல்ல, ஈரல்ல சேமிப்பு இல்ல. 45க்கு கீழ போச்சுன்னா டென் பெர்சென்ட் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், ஊசில ஏத்தி, பின்னாடியே டிரிப் போடுவோம்.

இப்ப கவனிங்க. காஃபின் ஒரு நாளைக்கு ஒரு டோஸ் போதும், ஏன்னா பொறந்த குழந்தையோட ஈரலுக்கு காஃபின உடைக்கத் தெரியாது, பாதி வெளியேறவே நாலு நாள் கணக்குல ஆகும். பெரியவங்களுக்கு அதே பாதி வெளியேற சுமாரா 5 மணி நேரம், ஆளுக்கு ஆள் நெறையவே மாறும். ஆனா டெக்ஸ்ட்ரோஸ் நிமிஷத்துக்கு நிமிஷம் போய்க்கிட்டே இருக்கணும், டிரிப் ஊசி நழுவுனா கொஞ்ச நேரத்துலயே சுகர் எறங்கும், மணிக்கணக்கு பாத்து குத்தி டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருப்போம். ஒண்ணு எரிஞ்சு தீர்ற பொருள். இன்னொண்ணு எரியவே எரியாது, ஒரு கலோரி கூட அதுல இல்ல, சேதிய மட்டும் மாத்துது. சுகர் எறங்குன குழந்தைக்கு காஃபின் குடுத்தா ஒண்ணும் நடக்காது. மூச்சு மறந்த குழந்தைக்கு, சுகர் சரியா இருக்கும்போது, டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தி அதே இடத்துலதான் நிப்போம். எங்க சார்ட்ல ரெண்டுக்கும் தனித்தனி கட்டம். டீ கிளாஸ்ல மட்டும் ரெண்டும் ஒண்ணா கரைஞ்சு கிடக்கறதால எது என்ன செய்யுதுன்னு நமக்குப் பிரிச்சுத் தெரியறதில்ல.

2025 ஜனவரி 26, காலை 9.05

வீட்ல யாரும் குழந்தைக்கு டீ காபி குடுத்துராதீங்க, மேல எழுதினதப் படிச்சிட்டு. அது மருந்து, ஐசியூல, எடை பாத்து, மானிட்டர் மாட்டிக் குடுக்கறது.

2025 ஜனவரி 29, இரவு 11.20

சீனி போட்டா தூக்கம் கூடும்னு நான் சொல்லாம சொன்னதுக்கு ஆதாரம் கேட்டிருக்காங்க. நியாயம்.

இங்கிலாந்துல லஃப்பரோ யூனிவர்சிட்டில தூக்கத்தப் பத்தி வேலை பண்றவங்க 2006ல வெளியிட்டது. முந்தின ராத்திரி அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டு, மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நாள் 42 கிராம் சீனியும் 30 மில்லிகிராம் காஃபினும் இருக்கற எனர்ஜி டிரிங்க், இன்னொரு நாள் அதே ருசில ரெண்டும் இல்லாத டிரிங்க். ஒன்றரை மணி நேரம் சலிப்பான ஒரு டெஸ்ட். மொத அர மணில வித்தியாசம் இல்ல, ஒரு மணி நேரம் தாண்டுனதும் சீனி டிரிங்க் குடிச்சவங்கதான் அதிகமா அசந்தாங்க, தப்பும் அதிகம் பண்ணாங்க. பத்தே பேர வச்சுப் பண்ணது, சின்ன ஆய்வு. ஆனா 2019ல 31 ஆய்வுகள சேத்து அலசுனதும் அதே பக்கம்தான் சாயுது: சீனி சாப்பிட்டதும் உற்சாகம் வந்ததா எங்கயும் தெரியல, அர மணிக்குள்ள அசதி கூடுச்சு, ஒரு மணிக்குள்ள சுதாரிப்பு கொறஞ்சுச்சு.

ஏன்னு கேட்டா, மூளைல ஒரெக்சின்னு ஒரு ரசாயனத்த விடுற செல்லுங்க இருக்கு, நம்மள முழிப்பா வச்சிருக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. குளுக்கோஸ் ஏறுனா அந்த செல்லுங்க அடங்குறத 2006ல எலி மூளைல பாத்திருக்காங்க. மத்தியானம் சோறும் பாயசமும் சாப்பிட்டா கண்ணு சொக்குதே, அதுல இதுக்கும் பங்கு இருக்கலாம்னு நான் நெனக்கறேன்.

அந்த எனர்ஜி டிரிங்க் டின்ன திருப்பிப் பாருங்க. இங்க விக்கிறதுல ஒரு லிட்டருக்கு காஃபின் 145 மில்லிகிராம்ல இருந்து 300க்குள்ள இருக்கணும்ங்கறது எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. 250 மில்லி டின்னுன்னா அதிகபட்சம் 75, ஏறக்குறைய ஒரு பில்டர் காபி. சீனி மட்டும் பல டின்ல அஞ்சு ஸ்பூனுக்கு மேல. முழிப்பு குடுக்கறது ஒரு காபி அளவு, சீனி ஒரு ஸ்வீட் பாக்ஸ் அளவு. பிளஸ் டூ பசங்க பரீட்சைக்கு முந்தின ராத்திரி இத வாங்கிக் குடிக்கறத பாத்தா எனக்கு மனசு பதறுது. குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாதுன்னு அந்த டின்லயே எழுதியிருக்கு, எழுத்துதான் பொடிசு.

2025 ஜனவரி 30, காலை 7.55

மேல உள்ளதெல்லாம் சேத்துப் படிச்சா சீனி எதுக்குமே ஆகாதுன்னு ஒரு எண்ணம் வரும். அது வேண்டாம். வெறும் வயித்தோட மூட்டை தூக்கறவர், நாத்து நடறவங்க, பத்து கிலோமீட்டர் ஓடறவங்க, அவங்க தசைல சேமிச்ச சத்து கரையும். அங்க சீனியோ வாழப்பழமோ உண்மையிலயே பலம் குடுக்கும், காஃபினால அந்த இடத்த ஈடுகட்ட முடியாது. மில்லுலயும் எட்டு மணி நேரம் நடந்துக்கிட்டே சாப்பிடாம இருந்தா பசி வரும், அதுக்கு சுண்டல், வேர்க்கடலை, ரெண்டு இட்லின்னு சாப்பிடுங்க. பசியா தூக்கமான்னு பிரிச்சுப் பாக்கப் பழகிட்டா பாதி பிரச்சினை தீரும். இன்னொண்ணும் இருக்கு, ராத்திரி நேரத்துல உடம்பு சீனிய கையாள்றது பகல்ல மாதிரி இல்ல. பகல்ல குடிக்கற அதே இனிப்பு டீ ராத்திரி மூணு மணிக்கு சுகர இன்னும் மேல ஏத்தும். பார்டர்ல இருக்கற நைட் ஷிப்ட் ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

2025 பிப்ரவரி 2, இரவு 9.30

இத தனியா, நிதானமா எழுதணும்னு வச்சிருந்தேன். தயவுசெஞ்சு முழுசா படிங்க.

காபி ஓவராப் போனாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், எரிச்சல் வரும். சுகர் கொறஞ்சாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், எரிச்சல் வரும். ரெண்டுலயும் அட்ரினலின் ஓடுறதால வெளிய பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா மொத ஆளுக்கு கொஞ்ச நேரம் போனா தானா அடங்கும், ரெண்டாவது ஆளுக்கு நேரம் போகப் போக பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, மயங்குவார், உயிருக்கே ஆபத்து.

முன்ன பெரியவங்க வார்டுல இருந்தப்ப ஒரு ஐயாவ சாயங்காலம் கூட்டிட்டு வந்தாங்க. இன்சுலின் போட்டுட்டு சாப்பாடு தள்ளிப்போயிருக்கு. கை நடுங்குது, சட்டை நனைஞ்சிருக்கு. வீட்ல, பாசத்துலதான், "அப்பாவுக்கு அசதியா இருக்கு"ன்னு ஒரு ஸ்ட்ராங் காபி போட்டுக் குடுத்திருக்காங்க, சுகர் பேஷன்டாச்சேன்னு வித்தவுட். அப்புறம் இன்னொண்ணு. மீட்டர்ல 38 வந்துச்சு. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்துன கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்து "யம்மா, மணி என்னாச்சு"ன்னு கேட்டார். அவரோட மக அழுத அழுகைய என்னால மறக்க முடியல. அந்தப் பொண்ணு மேல குத்தமே இல்ல, அசதின்னா காபிங்கறது நம்ம வீடுகள்ல அப்படி ஊறிப்போயிருக்கு.

வீட்ல இன்சுலின் போடறவங்களோ கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடறவங்களோ இருந்தா, திடீர்னு வேர்த்து நடுங்குனா, மீட்டர் இருந்தா உடனே குத்திப் பாருங்க. 70க்கு கீழன்னா 15 கிராம் சீனி, அதாவது மூணு டீஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுங்க, இல்ல அர கிளாஸ் ஜூஸ். 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, ஏறலன்னா மறுபடி அதே அளவு. ஏறினதும் ஏதாவது சாப்பிட வைங்க. மீட்டர் இல்லன்னா யோசிக்காம சீனித்தண்ணி குடுத்துருங்க, தேவையில்லாம குடுத்த மூணு ஸ்பூனால பெருசா ஒண்ணும் ஆகாது. டயட், ஜீரோன்னு போட்ட கூல்டிரிங்க்ஸ் இதுக்கு உதவாது, அதுல சீனியே இல்ல. சாக்லேட்டும் மெதுவாத்தான் ஏறும், கொழுப்பு தடுக்கும். ஆள் மயங்கிட்டா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, புரையேறி நுரையீரலுக்குப் போயிரும், 108க்கு அடிங்க. பிபிக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே சுகர் எறங்கலாம், வேர்வை மட்டும்தான் காட்டிக் குடுக்கும்.

மில் அண்ணே, உங்களுக்கு சுகர் மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சிருந்தா பேர டாக்டர்கிட்ட சொல்லிக் காட்டி, நைட் ஷிப்டுல எப்ப சாப்பிடறதுன்னு கட்டாயம் கேளுங்க.

2025 பிப்ரவரி 3, மதியம் 1.15

சுக்கு காபி பத்தி கேட்டவங்களுக்கு: சுக்கு, மல்லி, கருப்பட்டி, சில வீட்ல மிளகு ஏலக்கா. காபிப்பொடி சேக்காம போட்டா காஃபின் சுத்தமா இல்ல, ராத்திரி குடிச்சாலும் தூக்கம் கெடாது. ஆனா கருப்பட்டில பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ஹைவேஸ்ல கருப்பட்டி காபி போர்டப் பாத்து "இது சுகருக்கு ஒண்ணும் பண்ணாது"ன்னு ரெண்டு டம்ளர் குடிக்கறவங்கள பாக்கறேன். இரும்பு, தாதுன்னு கொஞ்சம் இருக்கு, ருசி அருமை, மீட்டருக்கு மட்டும் அது சீனி மாதிரியேதான் தெரியும். தேனும் நாட்டுச்சர்க்கரையும் அப்படித்தான்.

2025 பிப்ரவரி 3, மதியம் 1.40

குழந்தைங்க ஸ்வீட் சாப்பிட்டா ஆட்டம் போடுதுங்கன்னு ஒரு அக்கா எழுதிருக்காங்க. இதத் தேடித் தேடி ஆராஞ்சிருக்காங்க, 1995ல வந்த தொகுப்பு ஆய்வுல சீனிக்கும் குழந்தை நடத்தைக்கும் தொடர்பு தெரியல. அதுக்கு முந்தின வருஷம் இன்னொண்ணு, அஞ்சுல இருந்து ஏழு வயசு பசங்க, எல்லாருக்கும் குடுத்தது சீனி இல்லாத இனிப்பு, ஆனா பாதி அம்மாக்கள்ட்ட மட்டும் "உங்க பையனுக்கு நெறைய சீனி குடுத்திருக்கோம்"னு சொல்லிட்டாங்க. அந்த அம்மாக்கள்தான் பையன் ரொம்ப துள்ளுறான்னு மார்க் போட்டாங்க. பொறந்தநாள் வீட்ல பிள்ளைங்க துள்ளுறது கூட்டத்தாலயும் பலூனாலயும்தான். பல்லு சொத்தையும் எடையும் காரணமா வச்சு ஸ்வீட்டக் கொறைங்க, அதுவே போதுமான காரணம்.

2025 பிப்ரவரி 9, இரவு 10.25

தலைவலி பத்தி நாலஞ்சு பேர் கேட்டுட்டீங்க. காபிய நிறுத்துனா தலைவலி, சீனிய நிறுத்துனாலும் தலைவலின்னு. ரெண்டையும் ஒரே நாள்ல நிறுத்துனா எதுனால வந்ததுன்னே தெரியாது, அதனால ஒண்ணு ஒண்ணா செய்ங்க.

காஃபின் நிறுத்துனா வர்ற தலைவலி நல்லா தெரிஞ்ச விஷயம், 2013ல மனநல மருத்துவக் கையேட்டுலயே ஏறிருச்சு. கடைசி கப்புக்கு அப்புறம் 12ல இருந்து 24 மணி நேரத்துல ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சம், ஒரு வாரம் பத்து நாள்ல போயிரும். காஃபின் மூளையோட ரத்தக்குழாய சுருக்கி வச்சிருக்கும், அது இல்லாதப்ப குழாய் விரிஞ்சு தலை தெறிக்கும். தினம் 100 மில்லிகிராம் குடிக்கறவங்களுக்கே வரும், அதாவது ஒரு பில்டர் காபி. ரம்ஜான் நோன்பு மொத நாள்கள்ல, ஆபரேஷனுக்கு வெறும் வயித்தோட காத்திருக்கறப்ப, நம்மாளுங்களுக்கு வர்ற தலைவலில பாதி இதுதான்னு எனக்கு எண்ணம். "பசில தலை வலிக்குது"ன்னு குளுக்கோஸ் தண்ணி குடிச்சா அது போகாது. நோன்புக்கு முன்னாடி ஒரு வாரமா கப்ப கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கிட்டு வந்தா சுலபம். கடைல வாங்கற சில தலைவலி மாத்திரைலயே காஃபின் இருக்கு, அட்டைய திருப்பிப் பாத்து கணக்குல சேருங்க.

2025 பிப்ரவரி 10, காலை 8.10

"காபி குடிச்சா சுகர் வராதுன்னு படிச்சேன், நீங்க என்ன சொல்றீங்க?" இது எனக்கும் ரொம்ப நாள் குழப்பமா இருந்த விஷயம். வருஷக்கணக்கா காபி குடிக்கறவங்களுக்கு டைப் டூ சுகர் கொறைவா வர்றதா பல நாட்டு ஆய்வுகள்ல வந்திருக்கு. காஃபின் எடுத்துட்ட டிகேஃப் காபி குடிக்கறவங்களுக்கும் அப்படியே வருது, அதனால அது காஃபினோட வேலையா இருக்க வாய்ப்பு கம்மி, கொட்டைல இருக்கற வேற ஏதோ சத்து. அந்த நாட்ல பெரும்பாலும் இத்தன சீனி போட்டுக் குடிக்கறதும் இல்ல. தனி காஃபின் அந்த நேரத்துக்கு இன்சுலின் வேலைய கொஞ்சம் மந்தமாக்குது. 2020ல இங்கிலாந்துல பாத்ங்கற ஊரோட யூனிவர்சிட்டில 29 பேர வச்சு சோதிச்சாங்க, ராத்திரி தூக்கம் கலைஞ்சவங்க காலைல வெறும் வயித்துல ஸ்ட்ராங் பிளாக் காபி குடிச்சிட்டு அப்புறம் இனிப்பு பானம் குடிச்சா, சுகர் ஏறுறது ஏறக்குறைய 50 சதவீதம் கூடிருச்சு. நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற நம்ம வாழ்க்கைதான் இது. நான் இப்ப மொதல்ல டிபன், அப்புறம்தான் காபி, அதுவும் டூட்டி இல்லாத நாள்ல மட்டும்.

அந்த டிபனுக்கும் காபிக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க, டீ காபில இருக்கற டானின்ங்கற துவர்ப்புப் பொருள் சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த உறிய விடாது. 2024ல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வெளியிட்ட உணவு வழிகாட்டிலயும் இத சொல்லிருக்காங்க. அதுலயே காஃபின் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள்ளன்னும் இருக்கு, 150 மில்லி கப்புக்கு டீ 30ல இருந்து 65, இன்ஸ்டன்ட் காபி 50ல இருந்து 65, டிகாஷன் காபி 80ல இருந்து 120. கர்ப்பிணிகளுக்கு இன்னும் கம்மி, 200ன்னு பல நாட்டுல சொல்றாங்க, கர்ப்பத்துல காஃபின் வெளியேற ரொம்ப நேரம் எடுக்கும்.

2025 பிப்ரவரி 18, இரவு 9.00

மில் அண்ணன் திரும்ப வந்து எழுதினதப் பாத்து அவ்ளோ சந்தோஷம். வித்தவுட் மொதல்ல கசந்துச்சு, இப்ப பழகிருச்சு, முழிப்பு அப்படியே இருக்குன்னு சொல்றார். மாத்திரை எதுவும் இல்ல, சாப்பாடும் நடையும்தான். அஞ்சு மணி டீ, இடைவேளைத் தூக்கம், பீடின்னு அவர் கேட்டிருக்கற மூணு கேள்விக்கு:

அஞ்சு மணி டீ வேண்டாம். நீங்க ஆறு மணிக்கு ஷிப்ட் முடிச்சு எட்டு மணிக்குப் படுக்கறீங்க. அஞ்சு மணி டீல உள்ள காஃபின்ல பாதி பத்து மணிக்கும் உடம்புல இருக்கும். படுக்கறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் எடுத்துக்கிட்டதே தூக்கத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல தின்னுருச்சுன்னு 2013ல அளந்து காட்டிருக்காங்க. உங்க டீ அவ்ளோ பெருசு இல்ல, ஆனா பகல் தூக்கம் ஏற்கனவே லேசு. கடைசி டீய ரெண்டு மணியோட நிறுத்துங்க. வேணும்னா மொத டீய பன்னெண்டு மணிக்கு, கண்ணு சொருக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குடிங்க.

இடைவேளைல படுக்க எடம் இருக்குன்னா, டீய குடிச்ச உடனே பதினஞ்சு நிமிஷம் கண்ண மூடுங்க. காஃபின் ஏறுறதுக்குள்ள எந்திரிச்சுரலாம், ரெண்டு பலனும் சேந்து கிடைக்கும். 1997ல வண்டி ஓட்டறவங்கள சிமுலேட்டர்ல வச்சு இத சோதிச்சிருக்காங்க, நல்லா வேலை செஞ்சுச்சு. வார்டுல நாங்க மாத்தி மாத்தி இப்படித்தான் செய்வோம்.

பீடிய விடப் போறேன்னு சொன்னீங்களே, விடுங்க, கட்டாயம் விடுங்க. ஆனா இது தெரிஞ்சிருக்கணும்: பீடி சிகரெட் புகை ஈரல்ல காஃபின உடைக்கற நொதிய முடுக்கி விட்டிருக்கும், அதனால புகைக்கறவங்களுக்கு காஃபின் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா வெளியேறும். பீடிய விட்ட சில நாள்ல அந்த வேகம் கொறஞ்சு, அதே டீ உங்களுக்கு ரெண்டு மடங்கா வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். பீடி இல்லாததாலதான் இப்படின்னு நெனச்சு திரும்பப் பத்த வச்சிராதீங்க. பீடிய விடற அன்னைலருந்தே டீய பாதியா கொறைச்சுருங்க.